வெள்ளிக்கிழமை ஹீரோவும் ரெண்டு கறுப்புச் சட்டையும்

ஒரு கேள்வி. கூகுளைத் தட்டாம பதில் சொல்லணும், ஓகேவா?

1965, ஜனவரி 14. பொங்கல். எம்.ஜி.ஆரின் 'எங்க வீட்டுப் பிள்ளை' ரிலீஸ். டபுள் ரோல், கலர் படம், கையில் சாட்டை... தியேட்டர் வாசலில் கூட்டம் அம்முது. அதே நாள் சிவாஜியின் 'பழநி'யும் ரிலீஸ். இந்த ரெண்டு யானைகளுக்கு நடுவுல, அதே பொங்கலுக்கு, கறுப்பு வெள்ளையில் ஒரு புதுப் பையனோட முதல் படமும் வந்தது. அந்தப் பையன் யார்?

வீட்டில் தாத்தாவோ பாட்டியோ இருந்தா டக்குனு சொல்லிடுவாங்க. ஜெய்சங்கர். படம் 'இரவும் பகலும்'. டைரக்டர் ஜோசப் தளியத். சங்கர்ங்கிற பேருக்கு முன்னாடி ஒரு 'ஜெய்' போட்டவரும் அவர்தான். ஹீரோ நம்மை மாதிரி காலேஜ் பார்ட்டி. சென்னை நியூ காலேஜில் படிச்சுட்டு, சோ நடத்திய விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் நாடகக் குழுவில் மேடை ஏறிட்டிருந்தவர். பொங்கலுக்கு வந்த யானைகள் மிதிச்சுடும்னு பார்த்தா, படம் ஓடிடுச்சு! அதே வருஷம் 'எங்க வீட்டுப் பெண்', 'பஞ்சவர்ணக்கிளி', 'நீ', 'குழந்தையும் தெய்வமும்'னு வரிசையா வந்து நின்னார். கடைசியா சொன்னது ஏவி.எம். படம். தமிழில் அந்த வருஷத்தின் சிறந்த படம்னு தேசிய விருது வாங்கியது.

"சரி பாஸ், பழைய ஹீரோ. அதுக்கு என்ன இப்போ?"ன்னுதானே கேக்கறீங்க? வர்றேன்.

எனக்கு ஊர் மேல்பட்டாம்பாக்கம். கடலூர் - பண்ருட்டி ரோட்டில், நெல்லிக்குப்பத்தைத் தாண்டினதும் வரும். விழுப்புரம் பாசஞ்சர் நின்னு போற ஒரு ஸ்டேஷன், பக்கத்துல பெண்ணை ஆறு, சர்க்கரை ஆலைக்குப் போற கரும்பு லாரி... இவ்வளவுதான் எங்க ஊர் அடையாளம். எங்க பெரியப்பா டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டரா இருந்தவர். கீத்துக் கொட்டகை, தரை டிக்கெட், ஒரே ஒரு புரொஜக்டர். ஒரே மெஷின் என்பதால் ரீல் மாத்துற ஒவ்வொரு தடவையும் இடைவேளை! ஒரு படத்துக்கு மூணு, நாலு இடைவேளை. முறுக்கு விக்கிறவருக்குக் கொண்டாட்டம்.

ரெண்டு கார்பன் குச்சிகளுக்கு நடுவில் நெருப்பு மாதிரி வெளிச்சம் வரும். அந்தக் குச்சி எரிய எரிய ஆபரேட்டர் கையால் நெருக்கி வைக்கணும். அசந்தா திரை இருட்டாகிடும், ஜனம் விசிலடிக்கும். பெரியப்பாவோட வலது கைப் பெருவிரலில் இன்னமும் அந்தச் சூட்டுத் தழும்பு இருக்கு. அவர்கிட்ட ஒருநாள், "உங்களுக்குப் பிடிச்ச ஹீரோ யார்?"னு கேட்டேன். எம்.ஜி.ஆர்னு சொல்வார்னு நெனச்சேன். அவர் சொன்னது வேற:

"எம்.ஜி.ஆர். படம் போட்டா மொதலாளிக்குத் திருவிழாடா. ஜெய்சங்கர் படம் போட்டாதான் எனக்குச் சம்பளம்."

இதை நல்லா யோசிச்சுப் பாருங்க. பெரிய ஸ்டார் படத்தோட பெட்டி முதலில் சென்னை, அப்புறம் கடலூர், பண்ருட்டி மாதிரி டவுன்னு சுத்தி முடிச்சு, கீத்துக் கொட்டகைக்கு வர மாசக்கணக்கு ஆகும். வரும்போது பிரிண்ட் முழுக்கக் கீறல், திரையில் மழை. அதுக்கும் விநியோகஸ்தர் கேக்கற மினிமம் கேரண்டி கொட்டகைக்காரரோட கழுத்தை நெரிக்கும். வருஷத்துக்கு எத்தனை எம்.ஜி.ஆர். படம் வரும்? நாலோ அஞ்சோ. மீதி வாரம் எல்லாம் திரையில் என்னத்தை ஓட்டுறது?

அந்த மீதி வாரங்களின் ஹீரோதான் ஜெய்சங்கர். கம்மி பட்ஜெட், கம்மி வாடகை, ரெண்டு ஃபைட், ஒரு கிளப் டான்ஸ், கடைசியில் ஒரு சேஸிங். வெள்ளிக்கிழமை தோறும் அவர் படம் ஒண்ணு ரிலீஸ் ஆகுதோன்னு தோணுற அளவுக்கு வந்ததால 'வெள்ளிக்கிழமை ஹீரோ'ன்னே பேர் வெச்சாங்க. ஹீரோவா மட்டும் பதினஞ்சு வருஷத்தில் நூறு படத்துக்கு மேல. கேலியா வெச்ச பேர்தான். ஆனா அந்தக் கேலிக்குப் பின்னாடி எத்தனை கொட்டகையில் எத்தனை பேருக்கு அடுப்பு எரிஞ்சுதுன்னு யாரும் கணக்குப் பார்க்கலை.

நான் சிதம்பரத்தில் படிச்ச காலத்தில் (2003லிருந்து மூணு வருஷம்) ஹாஸ்டல் டி.வி. ஹாலில் மதியப் படமா இவர் படம் வந்துட்டே இருக்கும். நம்ம பசங்க சும்மா இருப்பாங்களா? வில்லன் டேபிள்ல பட்டனை அழுத்தினா சுவர் திறக்கும். சுவர் அட்டைன்னு நல்லாவே தெரியும். 'ஓ...'ன்னு ஒரே ஊளை. ஒரு படத்துல பார்த்த ரேடியோ, அடுத்த படத்துல குண்டு வைக்கிற மெஷினா வந்த மாதிரி இருக்கும். ஆனா ஒண்ணு கவனிச்சேன். கிண்டல் பண்ணிட்டே எல்லாரும் கடைசி வரைக்கும் உக்காந்து பார்த்தாங்க. மெஸ்ஸில் சாம்பார் தீர்ந்து போச்சுன்னு வந்து சொன்னப்போகூட ஒருத்தனும் எழுந்திருக்கலை!

ஏன்னு யோசிச்சா ஒரே காரணம்தான். திரையில் இருக்கற மனுஷன் அந்த அட்டைச் சுவரைப் பார்த்துச் சிரிக்கலை. நிஜச் சுவர்னு நம்பி அதில் போய் மோதினார்.

இந்த அட்டைச் சுவர் எல்லாம் பெரும்பாலும் சேலத்துச் சரக்கு. 1935ல் டி.ஆர்.சுந்தரம் ஆரம்பிச்ச மாடர்ன் தியேட்டர்ஸ். ஏற்காடு ரோட்டில் போனா அதோட நுழைவாயில் வளைவை இன்னிக்கும் பார்க்கலாம். 1963ல் அவர் இறந்ததும் மகன் ராமசுந்தரம் பொறுப்புக்கு வந்தார். அப்போ உலகம் பூரா ஜேம்ஸ் பாண்ட் காய்ச்சல். 1962ல் 'டாக்டர் நோ' வந்தாலும் வந்தது, பிரான்ஸ்காரன் ஒரு உளவாளியை எடுத்தான், இத்தாலிக்காரன் பத்து எடுத்தான். நம்ம பக்கம் தெலுங்கில் கிருஷ்ணா 'கூடச்சாரி 116' (1966), கன்னடத்தில் ராஜ்குமார் 'ஜேடர பலே' (1968). தமிழில் அந்தக் கோட்டை மாட்டிக்கிட்டவர் ஜெய்சங்கர். 'வல்லவன் ஒருவன்' (1966), 'சி.ஐ.டி. சங்கர்' (1970)னு சேலத்திலிருந்து வந்த படங்கள்தான் அவருக்கு 'தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட்' பட்டத்தை வாங்கிக் கொடுத்தது. பாண்டுக்குக் கொட்டின காசில் நூறில் ஒரு பங்கு இங்கே இருந்திருக்குமா? டவுட்டுதான். வெளிநாட்டு லொக்கேஷன் கிடையாது. மியூசிக் டைரக்டர் வேதா மட்டும் இந்தி மெட்டுகளைத் தமிழுக்குக் கொண்டுவந்து கலக்கிட்டிருந்தார்.

'சி.ஐ.டி. சங்கர்'ல ஜோடியா நடிச்சவர் சகுந்தலா. சேலத்துப் பொண்ணு. அந்த ஒரு படத்துக்கு அப்புறம் 'சி.ஐ.டி. சகுந்தலா'ங்கிறதே பேராகிப்போச்சு. சினிமாவில் ஹீரோயின் வேஷம் குறைஞ்சதும் டான்ஸ், வில்லி, அம்மான்னு கிடைச்சதை நடிச்சார். அப்புறம் டி.வி. சீரியலுக்கும் வந்தார். 2024 செப்டம்பரில் அவர் காலமானப்போ செய்தி வாசிச்சவங்க எல்லாரும் அந்த 'சி.ஐ.டி.'யைச் சேர்த்தேதான் வாசிச்சாங்க. ஐம்பத்து நாலு வருஷம் கழிச்சும்!

பாண்ட் அலை ஓய்ஞ்சதும் குதிரை அலை. ஒளிப்பதிவாளர் கர்ணன் தானே டைரக்ட் பண்ணி 'காலம் வெல்லும்' (1970), 'கங்கா', 'ஜக்கம்மா' (ரெண்டும் 1972)னு வரிசையா எடுத்தார். தொப்பி, துப்பாக்கி, புழுதி. குதிரை ஓடும்போது கேமராவும் கூடவே ஓடும். மத்த ஜெய்சங்கர் படத்தையெல்லாம் கிண்டல் பண்ணிக்கோங்க, கர்ணன் படத்துச் சண்டைகளை மட்டும் பண்ணாதீங்க. அதில் உழைப்பு தெரியும். இங்கிலீஷில் இந்த வகைப் படங்களுக்கு வேற கதை. 1964ல் செர்ஜியோ லியோனின்னு ஒரு இத்தாலி டைரக்டர் சின்ன பட்ஜெட்டில் 'எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்' எடுத்தார். ஸ்பெயினில் ஷூட்டிங். பெரிய ஸ்டாரை வெச்சு எடுக்கக் காசு இல்லாம, 'ராஹைட்'னு ஒரு டி.வி. சீரியலில் மாடு மேய்ச்சிட்டிருந்த நடிகரைப் பிடிச்சுப் போட்டார். அவர் பேர் கிளின்ட் ஈஸ்ட்வுட். மீதியை உங்களுக்குச் சொல்லணுமா என்ன!

இத்தனையும் ஏன் சொல்றேன்னா, போன மாசம் எங்க வீட்டில் ஒரு பஞ்சாயத்து.

பெரியப்பாவோட பேரன், அதாவது எங்க அண்ணன் பையன், கடலூரில் பி.காம். ரெண்டாவது வருஷம். நடிப்புப் பைத்தியம். ஃப்ரெண்ட்ஸோட சேர்ந்து ஷார்ட் ஃபிலிம் எடுக்கறான். அதில் அவன்தான் ஹீரோ. என்ன, ஷூட்டிங் தேதிதான் ஆறு மாசமா முடிவாகலை. கேமரா வெச்சிருக்கற பையனுக்குக் கல்யாண சீசன். இந்த நேரத்தில் சென்னையிலிருந்து ஒரு போன். ஒரு டி.வி. சீரியலில் மூணு நாள் வேலை. வில்லனுக்குப் பின்னாடி நிக்கிற நாலு அடியாளில் ஒருத்தன். டயலாக் ஒண்ணே ஒண்ணு. அதுவும் "சரிண்ணே".

பையன் மூஞ்சி தொங்கிப்போச்சு. "சித்தப்பா, ஹீரோவா நடிக்கணும்னு இருக்கறவன் அடியாளா மூஞ்சி காட்டினா அப்படியே முத்திரை குத்திடுவாங்கல்ல? அதுவும் சீரியல்ல! காலேஜ்ல ஓட்டித் தள்ளிடுவானுங்க."

இவன் சொல்றதுல நியாயமே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன். முத்திரை குத்துறது நிஜம். வில்லன் வேஷம் போட்டவனுக்கு அடுத்தடுத்து வில்லன் வேஷமே வந்த கதை கோடம்பாக்கத்தில் தெருவுக்குத் தெரு இருக்கு. ஓட்டித் தள்றதும் நிஜம். உங்க கிளாஸ்லயே ஒருத்தன் சீரியலில் ட்ரே தூக்கிட்டு வந்தா நீங்க விடுவீங்களா? பேரே 'ட்ரே'ன்னு மாத்திட மாட்டீங்க?

ஆனா நான் அவன்கிட்ட ரெண்டு வருஷத்தை மட்டும் சொன்னேன். 1977. 1980.

1977ல் 'காயத்ரி'ன்னு ஒரு படம். சுஜாதா கதை. அதில் ஹீரோ ஜெய்சங்கர். வில்லன் யார் தெரியுமா? ரஜினிகாந்த்! இதுக்கு மூணே வருஷம் கழிச்சு, 1980 டிசம்பரில் ஏவி.எம்.மின் 'முரட்டுக்காளை'. ஹீரோ ரஜினி. வில்லன் ஜெய்சங்கர். டைரக்டர் எஸ்.பி.முத்துராமன். இந்த முத்துராமன் 1972ல் 'கனிமுத்து பாப்பா'வில் டைரக்டரா அறிமுகமானப்போ அதில் நடிச்சவரும் ஜெய்சங்கர்தான். 1976ல் 'துணிவே துணை'ன்னு அவரை ஹீரோவா வெச்சுத் திகில் படம் எடுத்தவரும் முத்துராமன்தான். (பேய்ப் பயம் காட்டி ஊரை ஆட்டிவைக்கிற கும்பலைத் துப்பறியற கதை. ராத்திரி தனியா பார்க்காதீங்க, சொல்லிட்டேன்.)

அந்த இடத்தில் உங்களை வெச்சுப் பாருங்க. பதினஞ்சு வருஷம் ஹீரோ. நேத்து உங்க கையால அடி வாங்கின ஆள் இன்னிக்கு ஹீரோ. நீங்க ஹீரோவா வெச்சுப் படம் பண்ணின டைரக்டர் உங்களை வில்லனா கூப்பிடறார். என்ன தோணும்? நானா இருந்தா போனை ஸ்விட்ச் ஆஃப் பண்ணியிருப்பேன். அவர் போனார். போய், ரஜினி கையால ஊரே பார்க்க அடி வாங்கினார். படம் பெரிய ஹிட். சும்மா பேருக்கு நிக்கலை, அந்தப் படத்து வில்லத்தனத்தில் ஒரு ஸ்டைல் இருந்தது.

அதுக்கப்புறம்தான் எனக்குப் பிடிச்ச ஜெய்சங்கர் வர்றார். ஓட்டமும் தொப்பியும் இல்லாத ஜெய்சங்கர். 'விதி' (1984)யில் சுஜாதாவுக்கு எதிரா வாதாடற வக்கீல். அந்தப் பட வசனத்தைக் கேசட்டா போட்டு டீக்கடை டீக்கடையா ஓடினதை அப்பா அம்மாகிட்ட கேட்டுப் பாருங்க. 'அபூர்வ சகோதரர்கள்' (1989)ல நாலு வில்லன்களில் ஒருத்தர். 'தளபதி' (1991)யில் ஸ்ரீவித்யாவின் கணவர். நாலே சீன்தான், ஆனா அந்த வீட்டில் ஒரு நல்ல மனுஷன் இருக்கார்னு நமக்கு நம்பிக்கை வந்துடும்.

இதில் காலேஜ் பசங்க முக்கியமா தெரிஞ்சுக்க வேண்டியது 'ஊமை விழிகள்' (1986). ஃபிலிம் இன்ஸ்டிடியூட் பசங்க சேர்ந்து எடுத்த படம். ஆபாவாணன் தயாரிப்பு, அரவிந்தராஜ் டைரக்ஷன். அதுவரைக்கும் ஸ்டூடன்ட்னா டிப்ளமோ படம் எடுத்துட்டு யார்கிட்டயாவது அசிஸ்டென்டா சேரணும். இவங்க நேரா சினிமாஸ்கோப்பில் ஒரு முழுப் படத்தையே எடுத்துட்டாங்க. ஹீரோ விஜயகாந்த், வயசான போலீஸ் அதிகாரியா. பத்திரிகை ஆசிரியரா ஜெய்சங்கர். வில்லன் யாருன்னு நெனைக்கறீங்க? ரவிச்சந்திரன்! 'காதலிக்க நேரமில்லை' (1964) ரவிச்சந்திரன். அறுபதுகளில் ஜெய்சங்கருக்குச் சரிசமமா ஓடிட்டிருந்த ஹீரோ. ரெண்டு பழைய ஹீரோக்களும் அனுபவம் இல்லாத பசங்க சொன்ன இடத்தில் வந்து நின்னாங்க. படம் சூப்பர் ஹிட். அந்தப் பசங்களால் தமிழ் சினிமாவில் சவுண்டும் கேமராவும் வேற மாதிரி ஆச்சு.

அவர் நடிச்சதில் நிறைய படம் தேறாது. இதையும் சொல்லிடணும். ஒரே கதையை மூணு பேரில் எடுத்திருக்காங்கன்னு தோணும். வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வந்ததில் எதில் என்ன நடந்துச்சுன்னு பெரியப்பாவுக்கே குழம்பும். இன்னும் கொஞ்சம் நிதானமா படம் தேர்ந்தெடுத்திருந்தா அவர் வேற உயரத்துக்குப் போயிருப்பார்னு சொல்றவங்க உண்டு. இருக்கலாம். 'பூவா தலையா' (1969) மாதிரி பாலசந்தர் படங்களில் அவரைப் பார்க்கும்போது எனக்கே அப்படித் தோணியிருக்கு. பெரியப்பா இதை ஒத்துக்க மாட்டார். "நீ சொல்ற மாதிரி வருஷத்துக்கு ஒண்ணு நடிச்சிருந்தா என் கொட்டகைல இன்னாடா ஓட்டறது?"

2000, ஜூன் 3ல் ஜெய்சங்கர் சென்னையில் காலமானார். அந்த நேரம் டூரிங் கொட்டகைகளும் கிட்டத்தட்ட முடிஞ்சு போயிருந்தது. பெரியப்பா எலக்ட்ரிக் வேலைக்கு மாறி வருஷக்கணக்காச்சு. 2010ல் சிம்புதேவன் 'இரும்புக்கோட்டை முரட்டுச் சிங்கம்'னு ஒரு கௌபாய் காமெடி எடுத்தப்போ, கதை நடக்கற ஊருக்கே ஜெய்சங்கர் பேரை வெச்சிருந்தார். பண்ருட்டியில் அந்தப் படத்துக்குப் பெரியப்பாவைக் கூட்டிட்டுப் போனேன். ஊர்ப் பேர் வந்ததும் கைதட்டினது எங்க வரிசையில் அவர் ஒருத்தர்தான்.

இதை எல்லாம் அண்ணன் பையன்கிட்ட ஒரே மூச்சில் சொல்லி முடிச்சேன். அவன் மொபைலை நோண்டிட்டே கேட்டான். காதில் விழுந்துச்சா இல்லையான்னே தெரியலை. "ஆனா அவர் முதல்ல ஹீரோ ஆயிட்டாரு சித்தப்பா, அப்புறம்தான வில்லன். நான் முதல்லயே அடியாள்"னான். நல்ல பாயின்ட். எங்கிட்ட பதில் இல்லை. ஈஸ்ட்வுட்டைச் சொல்லிப் பார்த்தேன். "அவரு சீரியல்ல மெயின் ரோலு"ன்னான். அதுவும் சரிதான். விவரமான பையன்.

ரெண்டு நாள் எதுவும் பேசலை. ஷார்ட் ஃபிலிம் டைரக்டருக்குப் போன் போட்டு, "இந்த வாரம் ஷூட்டிங் இருக்கா, இல்லையா? ஒண்ணு சொல்லு"ன்னு கேட்டது மட்டும் எனக்குத் தெரியும். அந்தப் பக்கம் என்ன பதில் வந்துச்சோ... வியாழக்கிழமை சாயங்காலம் அம்மாகிட்ட வந்து, "ரெண்டு கறுப்புச் சட்டை எடுத்து வைம்மா"ன்னான். சின்ன வேஷக்காரங்களுக்குச் சீரியலில் டிரெஸ் தர மாட்டாங்களாம், நாமதான் கொண்டுபோகணுமாம். ஒரே சட்டையை மூணு நாளும் போட்டாதான் கன்டினியூட்டி இடிக்காது. வேர்வைக்கும் மேக்கப்புக்கும் பயந்து அதே மாதிரி இன்னொண்ணு. வீட்டில் இருந்தது ஒண்ணுதான். இன்னொண்ணு நெல்லிக்குப்பத்தில் போய் வாங்கிட்டு வந்தோம்.

வெள்ளிக்கிழமை விடியக்காலை பண்ருட்டி போய் சென்னை பஸ் பிடிக்கணும். நான்தான் பைக்கில் கொண்டுபோய் விட்டேன். கிளம்பும்போது திண்ணையில் உக்காந்திருந்த பெரியப்பா பேரனைக் கூப்பிட்டார். ஆசீர்வாதம் பண்ணப் போறார்னு நெனச்சு அவன் குனிஞ்சான்.

"டேய், சம்பளம் கையில குடுப்பாங்களா, அப்புறம் வந்து வாங்கிக்கச் சொல்வாங்களா? மொதல்ல அதைக் கேட்டுக்க"ன்னார்.